ஆட்டக்காரர் அஃறிணையோ?

மக்களை உயர்திணை என்றும் அல்லனவற்றை அஃறிணை என்றும் பகுத்துரைப்பது நம் மொழியின் அடிப்படை இயல்பு. 'வந்தார்', 'வந்தது' என வினைமுற்றின் ஈறே அவ்வேறுபாட்டைக் காட்டி நிற்கும். அமெரிக்கக் கூடைப்பந்து இரசிகர்கள், தம் அணி மேம்பட எவரைக் கொணர்வது, எவரைக் கொடுப்பது என்று நடத்தும் வாதங்களைத் தமிழில் எழுத முற்படுங்கால் நாம் இடர்ப்படுவது இவ்விடத்தில்தான். அவர்கள் ஆட்டக்காரரைச் 'சொத்து' என்கின்றனர். அவ்வாண்டோடு விடுபடவிருப்பவரை 'முடியும் ஒப்பந்தம்' என்கின்றனர். ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்ளும் செயலைப் பருத்திக்கும் கோதுமைக்கும் உரிய வாணிகச் சொல்லாலேயே குறிக்கின்றனர். அப்படியே பெயர்த்து எழுதினால் எழுவாய் உயர்திணையாகவும் பயனிலை அஃறிணையாகவும் நின்று திணைவழு ஆகிவிடுகிறது. இவ்வழு இலக்கணத்தோடு நின்றுவிடுகிறதா என்பதே நாம் ஈண்டு எண்ணிப் பார்க்க விழைவது.

இவ்வாதங்களை வீண்பேச்சென்று நாம் தள்ளவில்லை. என்.பி.ஏ. எனப்படும் தேசியக் கூடைப்பந்துச் சங்கத்தின் 30 அணிகளுக்கும் ஆண்டுதோறும் பிப்ரவரித் திங்களில் ஆள்மாற்றத்திற்கான இறுதிநாள் வரும். அதற்கு முந்தைய வாரங்களில் எளிய இரசிகரும் கைதேர்ந்த கணக்கராகிவிடுவார். 1984-85 பருவத்தில் அணிகளின் ஊதியத்திற்கு உச்சவரம்பு வந்தது. அவ்வரம்பைக் கடந்து நிற்கும் அணி ஒருவரைப் பெற வேண்டுமாயின், ஏறத்தாழ அவருக்கு ஈடான ஊதியம் பெறுவோரைக் கொடுத்தாக வேண்டும். இளைஞரை ஆண்டுதோறும் அணிகளுக்குப் பகிர்ந்தளிக்கும் தேர்வில் ஓர் அணிக்கு வரவிருக்கும் முதற்சுற்று வாய்ப்புகளையும் ஈடாகத் தரலாம். ஆயின் அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் கைவசம் ஒன்றுமில்லாதபடி தந்துவிடலாகாது. 1980களின் தொடக்கத்தில் கிளீவ்லாந்து அணியின் உரிமையாளர் டெட் ஸ்டெபியன் அவ்வாய்ப்புகளைக் கண்டபடி வாரி வழங்கியதன் பயனாக எழுந்த விதி இது. இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. (வள்ளன்மைக்காகப் பெயர் நிலைத்தோர் நம் நாட்டில் பலர், ஊதாரித்தனத்தால் பெயர் நிலைத்தவர் இவர்.) இத்துணை விதிகளையும் மனத்திற்கொண்டு, ஊதியம் கூட்டிக் கழித்து, மூன்று அணிகளைக் கோத்து ஒரு மாற்றத்தை வகுத்துக் காட்டும் இரசிகரின் உழைப்பு அன்பில் பிறந்தது என்பதில் ஐயமில்லை.

அவ்வன்பு பலித்ததும் உண்டு. 1994இல் வாகை சூடிய ஹூஸ்டன் அணி அடுத்த பருவத்தில் தளர்ந்தது. 1995 பிப்ரவரி 14 அன்று, வாகை சூடிய ஐவருள் ஒருவரான ஓட்டிஸ் தோர்ப்பைப் போர்ட்லாந்துக்குக் கொடுத்துக் கிளைட் டிரெக்ஸ்லரைப் பெற்றது. அணியின் நடுநாயகமாகிய ஹகீம் ஒலாஜுவானும் டிரெக்ஸ்லரும் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஒன்றாக ஆடியவர்கள். அத்திங்கள் ரமலான். பகல் முழுதும் ஒரு மிடறு நீரும் அருந்தாமல் நோன்பிருந்தவாறே ஆடிய ஒலாஜுவான், அம்மாதத்தின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வு பெற்றார் என்பதை நாம் இங்கு நினைவுகூராமல் இருக்க முடியாது. தம் பிரிவில் ஆறாம் இடத்திலிருந்து இறுதிக்கட்டப் போட்டிகளுள் நுழைந்த அவ்வணி, ஃபீனிக்ஸுக்கு எதிராக 1-3 என்று பின்தங்கியும் மீண்டு, இறுதியில் ஆர்லாண்டோவை 4-0 என வென்றது. மாற்றத்தை ஆதரித்து வாதிட்டோர் தலைநிமிர்ந்தனர்.

தோர்ப் என்ன ஆனார்? 1988 முதல் அவ்வணிக்காக மோதி விழுந்து பந்தைப் பறித்தவர் அவர். தோழர்கள் இரண்டாம் முறை வாகை சூடியபோது அவர் அவர்களிடையே இல்லை. ஒலாஜுவானுக்கும் அந்நாள் வந்தது. 17 பருவங்கள் ஹூஸ்டனுக்கு ஆடிய அவர், 2001 ஆகஸ்டில், 38ஆம் வயதில், தம் இசைவோடுதான் எனினும், டொராண்டோவுக்குச் சென்றார். ஹூஸ்டனுக்கு ஈடாக வந்தவை இளைஞர் தேர்வில் இரண்டு வாய்ப்புகள். கணக்குப்படி அதில் பிழையில்லை. முதுமையடைந்தவருக்கு இரண்டு வாய்ப்புகள் கிடைத்தமை ஆதாயமே என்பார்கள். 'ஆதாயம்' என்னும் சொல்லை அவரைக் குறித்து வழங்க நமக்கு நாவெழவில்லை.

நம் உள்ளத்தை இதனினும் உறுத்துவது பாஸ்டன் நிகழ்ச்சி. ஐசையா தாமஸ் ஐந்தடி ஒன்பது அங்குல உயரமே உடையவர். 2011 தேர்வில் கடைசியாக, 60ஆம் ஆளாக எடுக்கப்பட்டவர். 2016-17 பருவத்தில் ஆட்டத்திற்குச் சராசரி 28.9 புள்ளிகள் எடுத்துப் பாஸ்டன் அணியைத் தம் தோளில் சுமந்தார். 2017 ஏப்ரல் 15 அன்று அவருடைய தங்கை சாலை விபத்தில் இறந்தார். மறுநாள் அவர் களமிறங்கி 33 புள்ளிகள் எடுத்தார். மே 2, அத்தங்கையின் பிறந்தநாள். அன்று 53 புள்ளிகள். இடுப்பு மூட்டில் காயத்தோடு ஆடி, இயலாத நிலையிலேயே விலகினார். அவ்வாண்டு ஆகஸ்ட் திங்களிலேயே அவரைக் கிளீவ்லாந்துக்குக் கொடுத்துக் கைரி இர்விங்கைப் பெற்றது பாஸ்டன். கண்ணீர் வடித்த இரசிகர்கள் பலர். ஆயினும் 'வருத்தமே, ஆனால் சரியான மாற்றம்' என்ற முடிவுக்கே வாதம் வந்து சேர்ந்தது. தாமஸின் இடுப்பு பின்னர் முன்போல் தேறவில்லை. ஆகவே கணக்கர்கள் வென்றனர் என்றே சொல்லவேண்டும். அணிகளிடம் எவரும் பற்றுறுதியைக் கேட்பதில்லை, ஆட்டக்காரரிடம் மட்டுமே கேட்கின்றனர் என்னும் பொருள்பட அவர் பின்னர் எழுதினார்.

அவர் கூற்று மெய்யானதை இர்விங்கே காட்டினார். 2018 அக்டோபரில், பாஸ்டனிலேயே தொடர எண்ணியிருப்பதாக இரசிகர் முன் சொன்ன அவர், ஒப்பந்தம் முடிந்ததும் 2019இல் புரூக்ளினுக்குச் சென்றுவிட்டார். வாக்குத் தவறினார் என்று சினந்தது நியாயமே. நாமும் அதனைப் போற்றவில்லை. ஆயினும் அச்சினம் ஆண்டுக்கணக்கில் ஆறவில்லை. 2021 மே 30 அன்று பாஸ்டனில் ஆடி முடித்துக் களம் விட்டுச் சென்ற அவர்மேல் இரசிகர் ஒருவர் தண்ணீர்ப் புட்டியை வீசியெறிந்தார். அணி ஒருவரைக் கைவிட்டால் அது மதிநுட்பம். ஆட்டக்காரர் ஒருவர் அணியைக் கைவிட்டால் அது துரோகம். ஒரே நகரம், ஒரே மாற்றத்தின் இரு முனைகளில் நின்ற இருவரை இருவேறு தராசுகளில் நிறுத்தது.

ஒப்பந்தம் முடிந்தபின் விரும்பிய அணிக்குச் செல்லும் உரிமையும் எளிதில் வந்ததன்று. முன்னாளில் ஒப்பந்தம் முடிந்தாலும் ஆட்டக்காரர் பழைய அணிக்கே கட்டுண்டிருந்தார். ஆட்டக்காரர் சங்கத் தலைவராயிருந்த ஆஸ்கார் ராபர்ட்சன் 1970இல் தொடுத்த வழக்கு 1976இல் உடன்பாட்டில் முடிந்த பின்னரே அக்கட்டுத் தளர்ந்தது. வழக்குத் தொடுத்த அவ்வாண்டிலேயே அவரையும் சின்சினாட்டி அணி மில்வாக்கிக்கு மாற்றிவிட்டது. உரிமை வந்தும், ஒப்பந்தக் காலத்திற்குள் தம்மை வேறு ஊருக்கு அனுப்பலாகாது என்று மறுக்கும் அதிகாரம் இன்றளவும் விரல்விட்டு எண்ணத்தக்க சிலருக்கே வாய்த்திருக்கிறது. மற்றவர் பிள்ளைகளின் பள்ளியையும் பெற்றோரின் மருத்துவத்தையும் விட்டுவிட்டு மறுநாளே புறப்பட வேண்டியவரே.

ஆள்மாற்றமே கூடாது என்பது நம் கருத்தன்று. மாற்றங்களை வகுக்கும் இரசிகர், ஊதியம் பொருந்துகிறதா, ஆட்டம் பொருந்துகிறதா என்னும் இரு வினாக்களோடு, 'இவர் நமக்கு என்ன செய்தார்?' என்ற மூன்றாம் வினாவையும் வாதத்தில் ஏற்க வேண்டும் என்கிறோம். அது வாணிகத்துக்கு ஒவ்வாத வினா என்பார்க்கு டல்லஸ் நகரை நினைவூட்டலாம்.

2018இல் இளைஞர் தேர்வு நாளன்று அட்லாண்டாவோடு செய்த மாற்றத்தின் வழியாகவே லூக்கா டான்சிச் டல்லஸுக்கு வந்தார். அந்நகரம் அன்று மகிழ்ந்தது. 2024இல் அணியை இறுதிப்போட்டி வரை அழைத்துச் சென்றார். 2025 பிப்ரவரியின் தொடக்கத்தில், இரசிகர் எவரும் கனவிலும் கேளாத நிலையில், 25 வயதே ஆன அவரை லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் கொடுத்து, ஆண்டனி டேவிஸ், மேக்ஸ் கிறிஸ்டி, ஒரு முதற்சுற்று வாய்ப்பு ஆகியவற்றைப் பெற்றது நிருவாகம். நாடோறும் ஆட்டக்காரரை மாற்றிக் கணக்கிட்ட அதே இரசிகர்கள் அரங்கின் வாயிலுக்குச் சவப்பெட்டி கொணர்ந்து வைத்தனர். மேலாளர் நிக்கோ ஹாரிசனை நீக்குமாறு எழுந்த முழக்கம் பல மாதங்கள் ஓயவில்லை. அவர் 2025 நவம்பரில் நீக்கப்பட்டார்.

2025 ஏப்ரல் 9 அன்று டான்சிச் எதிரணிச் சீருடையில் டல்லஸுக்குத் திரும்பினார். இருக்கைகளில் ஸ்லோவேனிய மொழியில் 'அனைத்திற்கும் நன்றி' என்று எழுதிய சட்டைகள் வைக்கப்பட்டிருந்தன. ஆட்டத்திற்கு முன் அவருடைய பழைய ஆட்டங்களின் படத்தொகுப்பைக் காட்டினர். இருக்கையில் அமர்ந்தவாறே அவர் அழுதார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பின்னர் எழுந்து ஆடி 45 புள்ளிகள் எடுத்தார். தம் அணியை வீழ்த்திக்கொண்டிருந்தவரை அரங்கம் வாழ்த்தி முழங்கிற்று. டல்லஸ் 97-112 என்ற கணக்கில் தோற்றது.