வாலில்லாத கூடு

சாதனை வேகத்துக்கென்று வீட்டிலேயே மோட்டார் சைக்கிள் கட்டுகிறவர்கள், கூடு என்றதும் கண்ணீர்த்துளி வடிவத்தைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். வால் வைத்தால் அசிங்கமாம்! அழகுப் போட்டிக்கா போகிறார்கள்?

பிரெஞ்சில் கூட்டுக்கு 'கரெனாழ்' என்போம். கப்பலின் அடிப்பாகத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. கப்பலுக்குச் சுக்கான் பின்னால்தானே?

துளி வடிவத்தில் பக்கக்காற்றின் விசை மூக்கருகே விழும்; வண்டி திரும்பிவிடும். அம்பில் கனம் முன்னே, இறகு பின்னே. நியூசிலாந்தின் பர்ட் மன்ரோ 1967-இல், 68 வயதில், 1920-ஆம் வருடத்து இந்தியன் ஸ்கௌட்டை பான்வில் உப்புத்தரையில் மணிக்கு சுமார் 295 கி.மீ. ஓட்டினார். வேகத்தில் வண்டி ஆடும் பயங்கரத்தை அவரும் அனுபவித்தவர்தான்.

பக்கவாட்டு உருவத்தை அட்டையில் வெட்டிப் பென்சில் முனையில் நிறுத்துங்கள். பரப்பின் நடு தெரியும். காற்று தள்ளுவது அதற்கும் முன்னால். எடை எங்கே இருக்கிறதென்று பார்த்துவிட்டு அச்சு வாருங்கள்.