நொய்யல் நதி

நதி என்றதும் கங்கை, கோதாவரி, காவேரி என்னும் பெரிய பெயர்களே நமக்கு நினைவு வருகின்றன. பள்ளிக்கூடத்துப் பூகோளப் புத்தகமும் அவற்றோடு நின்றுவிடுகிறது. ஆயினும் எத்தனையோ குடியானவர்களின் க்ஷேமம் ஊரோரத்துச் சிற்றாறுகளைப் பொறுத்தே இருக்கிறது. அவற்றுள் ஒன்றைப் பற்றி இவ்வாரம் சொல்லக் கருதுகிறோம்.

நொய்யல் வெள்ளியங்கிரி மலைச் சாரலில் பிறக்கிறது. பெரியாறு, சின்னாறு முதலிய மலையோடைகள் கூடி நதியாகின்றன. பிறகு கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு, கரூர் ஜில்லாக்களைக் கடந்து, தன் பெயரையே தாங்கிய நொய்யல் கிராமத்தினருகே காவேரியில் கலக்கிறது. நீளம் சுமார் 100 மைல். காவேரியின் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு. பழைய பெயர் காஞ்சிமாநதி. பேரூர்ப் பட்டீசுவரர் ஆலயம் இதன் கரையில்தான் விளங்குகிறது.

மலைச் சாரலில் தென்மேற்குப் பருவமழை கொட்டும். சமவெளியோ மழை மறைவில் கிடப்பது. கோயமுத்தூரில் ஆண்டுக்குச் சுமார் 25 அங்குல மழையே பெய்கிறது. ஆகவே வெள்ளம் ஓடும் சில நாட்களில் ஜலத்தைப் பிடித்து வைத்துக் கொண்டால்தான் உண்டு. நம் முன்னோர் இதற்குச் செய்த ஏற்பாடு வெகு எளியது. ஆற்றின் குறுக்கே தாழ்வான அணைக்கட்டு, அதிலிருந்து வாய்க்கால், வாய்க்காலின் முடிவில் குளம், குளம் நிறைந்து மிஞ்சியது அடுத்த குளத்துக்கோ, மீண்டும் ஆற்றுக்கோ போய்விடும். சித்திரைச்சாவடி அணைக்கட்டும், உக்கடம், குறிச்சி, சிங்காநல்லூர், சூலூர்க் குளங்களும் இந்த வரிசையைச் சேர்ந்தவை. குளத்து நீர் நேரே வயலில் பாய்வது ஒரு நன்மை. சுற்றிலுமுள்ள கிணறுகளில் ஊற்றுப் பெருக்குவது அதனினும் பெரிய நன்மை. கொங்கு நாட்டில் கிணறுதானே குடும்பத்தின் ஆஸ்தி! மாடு பூட்டிக் கவலை இறைத்த காலத்திலும் சரி, மின்சார மோட்டார் வந்த பின்பும் சரி, கிணற்றில் ஊற்று இருந்தால்தான் இறைக்க முடியும்.

இதன் வடகரையிலுள்ள கொடுமணலில் பூமியைத் தோண்டியபோது, சங்க காலத்தில் இரும்பு உருக்கியதற்கும் மணிகள் கடைந்ததற்கும் அடையாளங்கள் கிடைத்தன. தொழிலும் இந்த ஆற்றுக்குப் புதிதல்ல.

புதிதாக வந்தது உப்பு. திருப்பூர் ஒரு காலத்தில் கதருக்குப் பேர்போன ஊர். தேசக் கொடியை ஏந்தித் தடியடிபட்டு 1932 ஜனவரியில் உயிர் நீத்த குமரனின் ஊர். பிற்காலத்தில் அது பனியன் நகரமாயிற்று. பருத்தித் துணியில் சாயம் பிடிக்க ஏராளமான உப்பு வேண்டும். சாயம் துணியில் தங்கிவிடும். உப்போ நீரோடு வெளியேறி ஆற்றில் சேரும். ஆற்றின் நிறம் சிவந்ததைக் கண்டு எல்லோரும் பதறினார்கள். ஆனால் கண்ணுக்குத் தெரியாத உப்பே மண்ணையும் கிணற்றையும் அதிகம் கெடுத்தது. சென்னிமலைக்கு அருகே ஒரத்துப்பாளையத்தில் பாசனத்துக்கென்று 1992-ல் கட்டி முடித்த அணை, சாயக் கழிவின் தேக்கமாக மாறிவிட்டது. அணை கட்டியும் அதில் நீரைத் தேக்க வேண்டாமென்று குடியானவர்களே மன்றாடிய விபரீதம் வேறெங்கு உண்டு!

அவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். கழிவை அறவே வெளிவிடாத ஏற்பாடு செய்யும் வரையில் சாயப்பட்டறைகளை மூடவேண்டுமென்று சென்னை ஹைக்கோர்ட்டு 2011 ஜனவரியில் உத்தரவிட்டது. வேலையிழந்த தொழிலாளர் பட்ட கஷ்டமும் சாமானியமல்ல. பின்னர் கழிவுநீரைச் சுத்தம் செய்து, நீரையும் உப்பையும் பிரித்தெடுத்து மறுபடி உபயோகிக்கும் யந்திரங்கள் வந்தன. செலவு அதிகந்தான். ஆனால் அச்செலவைப் பனியன் வாங்கும் நாம் கொடுப்பதே நியாயம். இத்தனை காலம் நமக்குப் பதிலாக அதைக் கரூர் ஜில்லாவின் குடியானவன் தன் நிலத்தால் கொடுத்து வந்தான். பட்டறை வாசலில் உப்பை நிறுத்திவிடலாம். ஏற்கெனவே மண்ணில் இறங்கிய உப்பைக் கழுவ நல்ல மழையும் நல்ல வெள்ளமும் பல ஆண்டுகள் வரவேண்டும்.