கையை எப்ப சார் விக்கணும்?

பி.காம். படித்தவர்களுக்கு 'தேய்மானம்' என்ற வார்த்தையைக் கேட்டாலே வயிற்றைக் கலக்கும். மெஷின் வாங்கினால் வருஷா வருஷம் அதன் மதிப்பில் கொஞ்சம் கழித்துக்கொண்டே வர வேண்டும். கடைசியில் காயலான் கடை விலை. எனக்கு இந்த சமாசாரம் பரீட்சை ஹாலில் புரியவில்லை. அமெரிக்க பேஸ்பால் பார்க்க ஆரம்பித்த பிறகுதான் புரிந்தது.

அங்கே மெஷின் என்பது பிட்சரின் கை.

பிட்சர் என்றால் பந்து எறிகிறவர். ஆட்டத்தின் முதல் பந்திலிருந்து தாக்குப்பிடிக்கிற வரைக்கும் எறிகிற ஆசாமி ஸ்டார்ட்டிங் பிட்சர். சீஸனுக்கு 162 ஆட்டம். இன்றைக்கு எறிந்தால் நாலு நாள் ஓய்வு, ஐந்தாம் நாள் மறுபடி. மணிக்கு 150 கிலோமீட்டர் வேகம், ஒரு ஆட்டத்துக்கு ஏறக்குறைய நூறு பந்து. தோளும் முழங்கையும் என்னத்துக்கு ஆகும், சொல்லுங்கள்!

இப்போது கேள்வி. டீம் தோற்றுக்கொண்டே இருக்கிறது. எல்லாவற்றையும் இடித்துவிட்டுப் புதுசாகக் கட்டுவோம் என்று மேனேஜ்மென்ட் முடிவு செய்கிறது. மூணு நாலு வருஷ வேலை. டீமில் முப்பத்துநாலு வயசில் அருமையான பிட்சர் ஒருவர் இருக்கிறார். வீடு கட்டி கிரகப்பிரவேசம் வைப்பதற்குள் அவர் கை தேய்ந்துவிடும். ஜூலைக் கடைசியில் ஜெயிக்கிற டீம் ஒன்று போன் பண்ணி, "அவரைக் கொடு, மூணு பொடியன்களைத் தர்றேன்" என்கிறது. கொடுக்கலாமா?

கொடுத்துத் தொலை ராஜா என்கிறது என் பி.காம். மூளை.

1987 ஆகஸ்டில் அட்லாண்டா அதைத்தான் செய்தது. உருப்படாத டீம். கையில் டாயில் அலெக்ஸாண்டர் என்று 36 வயது பிட்சர். ஜெயிக்கத் துடித்த டெட்ராய்ட் அவரை வாங்கிக்கொண்டு பதிலுக்கு ஒரு 20 வயதுப் பையனைக் கொடுத்தது. சின்ன லீக்கில் 4 வெற்றி, 10 தோல்வி என்று திணறிக்கொண்டிருந்த பையன். டெட்ராய்ட்டில் அலெக்ஸாண்டர் 9 ஆட்டம் ஜெயித்தார். ஒன்றுகூடத் தோற்கவில்லை! டீம் தன் பிரிவில் முதலிடம். ஊரே கொண்டாடியது. அப்புறம் ப்ளே-ஆஃபில் இரண்டு ஆட்டம் எறிந்தார், இரண்டும் தோல்வி. 1989-ல் ரிட்டையர்.

அந்தப் பையன் பேர் ஜான் ஸ்மோல்ட்ஸ். அட்லாண்டாவுக்கு இருபது வருஷம் எறிந்தார். 1995-ல் உலக சீரிஸ் ஜெயித்த டீமில் இருந்தார். 2015-ல் ஹால் ஆஃப் ஃபேம். வயிற்றெரிச்சல் என்னவென்றால், டெட்ராய்ட் இருக்கிற மிச்சிகன்தான் பையனின் சொந்த மாநிலம், வளர்ந்ததே அந்த டீமின் ரசிகனாக!

(எல்லாப் பொடியனும் ஸ்மோல்ட்ஸ் ஆவதில்லை. அட்ரஸ் இல்லாமல் போனவர்களை யாரும் பத்தி எழுதி ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை.)

சியாட்டிலுக்கும் இந்தக் கணக்கு தெரியாதது இல்லை. 1998 ஜூலை 31-ல் ராண்டி ஜான்சனை ஹூஸ்டனுக்குக் கொடுத்து மூணு பேரை வாங்கியது. அதில் ஃப்ரெடி கார்ஸியாவும் கார்லோஸ் கியேனும் வளர்ந்து ஆட, 2001-ல் சியாட்டில் 116 ஆட்டம் ஜெயித்தது. ஜான்சனுக்கு விற்றபோது வயசு 34. தேய்ந்தாரா? அதுதான் இல்லை! அடுத்து அரிஸோனா போய் வரிசையாக நாலு வருஷம் சிறந்த பிட்சர் விருது. நாற்பது வயசில் ஒரு ஆளைக்கூட பேஸ் ஏற விடாத 'பர்ஃபெக்ட் கேம்'. என் தேய்மானப் பட்டியலில் அப்படி ஒரு மெஷின் கிடையாது.

இவ்வளவு தெரிந்த அதே சியாட்டில்தான் ஃபெலிக்ஸ் ஹெர்னாண்டஸ் விஷயத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டது.

2010-ல் சியாட்டில் 101 ஆட்டம் தோற்றது. சிறந்த பிட்சர் விருதோ 24 வயது ஃபெலிக்ஸுக்கு. அன்றைக்கு விற்றிருந்தால் பாதி டீம் வந்திருக்கும். விற்கவில்லை. அவருக்கும் போக மனசில்லை. 2012 ஆகஸ்ட் 15-ல் அவரும் ஒரு பர்ஃபெக்ட் கேம் எறிந்தார். டீம் அவருக்காக எடுத்துக்கொடுத்தது ஒரே ஒரு ரன்! மறுவருஷம் ஏழு வருஷத்துக்கு 175 மில்லியன் டாலர் ஒப்பந்தம். கையெழுத்து போட்ட அன்று அழுதார். அவர் எறிகிற நாளெல்லாம் மைதானத்தின் ஒரு மூலையில் மஞ்சள் பனியனும் 'கே' அட்டையுமாக ரசிகர் கூட்டம்.

அக்கவுன்ட்ஸில் ஒரு விதி உண்டு. விலை கொடுத்து வாங்கிய குட்வில்லைத்தான் புத்தகத்தில் ஏற்றலாம். தானாகச் சம்பாதித்த குட்வில்லுக்கு இடமில்லை. அந்த மஞ்சள் பனியன்களை எந்தத் தலைப்பில் எழுதுவது?

கை மட்டும் கணக்கை மறக்கவில்லை. ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் விட்டுக்கொடுத்தது 2014-ல் 2.14 ரன். 2018-ல் 5.55. அந்த வருஷக் கடைசியில்தான் சியாட்டில் இடித்துக் கட்டத் தீர்மானித்தது. அந்தச் சம்பளத்துக்கு அந்தக் கையை யார் சார் வாங்குவார்?

விற்பதானால் ஒரு வருஷம் முன்கூட்டியே விற்க வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் 2013-ல் அந்த மேஜைக்கு எதிரே உட்கார்ந்து அவர் அழுவதைப் பார்த்திருந்தால் நானும் கையெழுத்து போட்டிருப்பேன்.

2019 செப்டம்பர் 26, சியாட்டிலுக்காக அவருடைய கடைசி ஆட்டம். மஞ்சள் பனியன்கள் எழுந்து நிற்க, கண்ணைத் துடைத்துக்கொண்டே இறங்கினார். பெரிய லீக்கில் அதற்குப் பிறகு அவர் எறியவில்லை. பதினைந்து சீஸனில் ஒரு ப்ளே-ஆஃப் பந்துகூடக் கிடையாது.

2022-ல் 21 வருஷம் கழித்து சியாட்டில் ப்ளே-ஆஃபுக்குப் போனது. சொந்த ஊர் ஆட்டம் தொடங்குமுன் சம்பிரதாய முதல் பந்தை எறிய ஃபெலிக்ஸைக் கூப்பிட்டார்கள். வந்து எறிந்துவிட்டுப் போனார். நிஜ ஆட்டம் 18 இன்னிங்ஸ் நீண்டது. சியாட்டில் ஒரு ரன்கூட எடுக்காமல் 1-0 என்று தோற்றது.