உவமையைப் பங்கு பிரிக்குமுன்

திருவதிகையில் சூலை நோய் தீரப் பாடத் தொடங்கிய நாவுக்கரசரின் வீணைப் பாட்டு, நம் வகுப்பறைகளில் பழகிப் பழகித் தேய்ந்துபோன ஒன்று. ஐந்தாம் திருமுறையில் உள்ள நான்கடிக் குறுந்தொகை அது. ஈசனின் திருவடி நிழலுக்கு வீணை இசை, மாலை நிலவு, தென்றல், இளவேனில், வண்டு மொய்க்கும் பொய்கை என ஐந்து உவமைகள். கரும்பலகையில் கோடு கிழித்து, செவி, கண், மெய், மூக்கு, நாக்கு என்று ஆளுக்கொன்றாகப் பங்கு பிரிப்போம். உவம உருபைக் கேட்போம். மணி அடித்துவிடும்.

ஐம்புலக் கணக்கு மரபாகச் சொல்லிவருவதுதான். ஆனால் பொய்கையை நாக்கிடம் ஒப்படைப்பது இழுத்துப் பிடித்த விளக்கமாகவே எனக்குப் படுகிறது. பாட்டில் அந்தப் பொய்கை குடிநீராகவா வருகிறது? வண்டு முரலும் இடமாக அல்லவா வருகிறது! மனிதர் மீட்டும் இசையில் தொடங்கி, யாரும் மீட்டாத இசையில் போய் நிற்கிறது உவமை வரிசை. இடையில் உள்ளவையும் தனித்தனியாக நிற்கவில்லை. சித்திரை, வைகாசியில் ஒரு குளக்கரையில் அந்தி நேரம் உட்கார்ந்தால் ஐந்தும் ஒருசேரக் கிடைக்கும். ஐந்து பொருள்கள் என்று நாம் எழுதிப்போடுவது, உண்மையில் ஒரே மாலைப்பொழுது. பகலெல்லாம் கெடில ஆற்றங்கரை வெயிலில் அலைந்த பிள்ளைக்கு இதை விளக்கவே வேண்டாம்.

“வீணைக்கும் நிழலுக்கும் என்ன ஐயா ஒற்றுமை?” என்று ஒரு மாணவர் கேட்டால் அந்த வகுப்பு உருப்பட்டது. வினை, பயன், மெய், உரு என நான்கு வழியில் உவமை பிறக்கும் என்கிறது தொல்காப்பியம். வடிவிலும் நிறத்திலும் தேடினால் இங்கே ஒன்றும் அகப்படாது, பயனில்தான் ஒற்றுமை. தண்டியலங்காரத்தின் ‘பலபொருள் உவமை’ என்ற பெயரை அதற்குப் பிறகு சொன்னால் போதும்.

இன்னொன்றையும் தாண்டிப் போய்விடுகிறோம். உவமிக்கப்படுவது திருவடி அன்று, அதன் நிழல். அந்தியில் நிழலை யார் தேடுவார்? நிழல் என்ற சொல் வந்ததுமே எங்கோ வெயில் கொளுத்துகிறது என்றாகிறது. ஆனால் பாட்டில் வெயிலும் இல்லை, தீயும் இல்லை. அந்த வெப்பத்தைக் கதையாகத் தருபவர் 12ஆம் நூற்றாண்டுச் சேக்கிழார்: பல்லவ மன்னன் ஆணையால் நாவுக்கரசர் ஏழு நாள் நீற்றறையில், அதாவது சுண்ணாம்புக் காளவாயில், அடைபட்டிருந்தார் என்கிறது பெரியபுராணம். பாடியவரோ 7ஆம் நூற்றாண்டினர்.

கதையை முதலில் சொல்லிவிட்டால் பிள்ளைகள் அற்புதத்தைப் பிடித்துக்கொள்வார்கள். நிலவும் தென்றலும் வெறும் ஒப்பனையாகிவிடும். ஆகவே பாட்டு முதலில், காளவாய் பிறகு. வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு நீற்றுவதைப் பார்த்த பிள்ளைகள் இன்று குறைவு. நீர் பட்டதும் சுட்ட கல் சீறி, ஆவி கக்கி, பொடியாக உதிரும் என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். பண்ருட்டிப் பக்கத்து ஆசிரியர்கள் திருவதிகை வீரட்டானேசுவரர் கோயில் விமானத்துச் சுதைச் சிற்பங்களைக் காட்டலாம். அதுவும் சுண்ணாம்பின் வேலைதான்.

தேர்வுக்கு வேறு கேள்வி ஒன்றை முன்வைக்கிறேன்: ஐந்தில் ஒன்றை நீக்கினால் எது போனால் மீதி குலையும்? வீணை என்று பலர் எழுதக்கூடும். என் விடை இளவேனில். தென்றல் வீசுவதும் பூ மலர்வதும் வண்டு வருவதும் அந்தப் பருவத்தை நம்பித்தான். மாற்று விடைக்குக் காரணம் காட்டும் மாணவருக்கும் முழு மதிப்பெண் தரலாம்.