சிங்கத்தின் மீது சுமத்தப்பட்ட சட்டம்

காவிரிப் பாலத்தைக் கடந்து, திருவரங்கத் தீவில் மாம்பழச் சாலைப் பக்கம் உள்ள ஓர் இல்லத்தில் அண்மையில் அன்பியக் கூட்டம் நடைபெற்றது. செபமாலை முடிந்தது, விவிலியப் பகிர்வு முடிந்தது, சுண்டல் வந்தது. கூட்டம் நடந்த நேரமெல்லாம் ஒலி மட்டும் அடக்கப்பட்டு, ஒளி அடங்காதிருந்த தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பிள்ளைகள் மீண்டும் குரல் கொடுத்தனர். திரையில் ஆப்பிரிக்காவின் சேரெங்கெட்டிச் சமவெளி. வில்டபீஸ்ட் எனப்படும் தாடி வைத்த மானினம் ஆயிரக்கணக்கில் மாரா ஆற்றங்கரையில் வந்து நின்று தயங்குகிறது. ஒன்று குதிக்கிறது, உடனே எல்லாம் குதிக்கின்றன. நீருக்குள் முதலை. அக்கரையில் சிங்கம். வீட்டு அம்மையார் பேரனின் கண்களைப் பொத்தினார். பேரன் விரலிடுக்கின் வழியே பார்த்துக்கொண்டிருந்தான். நாமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம், மறைப்பானேன்?

அவ்வேளையில் அன்பர் ஒருவர் திரையைச் சுட்டிக்காட்டினார். அவர் வணிகர், ஆலயத் திருப்பணிக்குத் தாராளமாகக் கொடுப்பவர். "பாத்தீங்களா சாமி? வலுத்தது வாழும், இளைச்சது சாகும். ஆண்டவரே வெச்ச சட்டம் இது" என்றார். பலரும் தலையசைத்தனர். சுவரோரம் அமர்ந்திருந்த ஒரு பெண்மணி மட்டும் தலையசைக்கவில்லை. அவருடைய வீட்டுப் பத்திரம் அந்த அன்பரின் இரும்புப் பெட்டியில் இருப்பது பங்கு முழுவதும் அறிந்த செய்தி. மறைந்த கணவரின் மருத்துவச் செலவுக்காக வாங்கிய கடன் அது. வாங்கிய தொகையைக் காட்டிலும் கூடுதலாக அவர் வட்டியே கட்டிவிட்டார். ஆயினும் முதல் அப்படியே நிற்கிறது. பத்திரமும் அப்படியே நிற்கிறது. முதல் என்ற சொல்லோடு உருபு சேர்ந்தால் அது முதலையாகிவிடுவது தமிழின் விளையாட்டா, அனுபவமா என்று தெரியவில்லை.

அன்று நாம் விடை கூறவில்லை. வாயில் சுண்டல் இருந்தது என்பது சாக்கு. பேசியிருக்க வேண்டிய இடத்தில் பேசாமல் விட்டதை இங்கு எழுதித் தீர்க்க முயல்கிறோம்.

விலங்குப் படங்களைப் பார்க்காதீர் என்று சொல்ல நாம் வரவில்லை. ஞாயிறு மாலை பங்குப் பணிகள் ஓய்ந்தபின் நாமே விரும்பிப் பார்க்கிறோம். நெடுந்தொடர்களில் மாமியாரும் மருமகளும் ஒருவரையொருவர் துரத்தும் வேட்டையைவிட இது எவ்வளவோ நாகரிகமானது. நம் குற்றச்சாட்டு வேறு. அந்தப் படங்களில் நாம் காண்பது காட்டின் சட்டமன்று. படத்தொகுப்பு மேசையின் சட்டம். அதைக் காட்டின் சட்டமென்று நம்பி, பிறகு கடவுளின் சட்டமென்று பெயர் மாற்றி, இறுதியில் நம் வட்டிக்கணக்கின் முதல் பக்கத்தில் ஒட்டிக்கொள்கிறோம். மூன்று பொய்கள், ஒன்றன்மேல் ஒன்றாக.

மெய்யான சிங்கம் என்ன செய்கிறது? நாளில் இருபது மணி நேரம் வரை படுத்துக் கிடக்கிறது. எழுந்து துரத்தினாலும் பெரும்பாலான துரத்தல்கள் தோல்வியிலேயே முடிகின்றன. நான்கு முயற்சிக்கு ஒன்று பலித்தால் நல்ல வேட்டை. படம் பிடிக்கச் சென்றவர்கள் மாதக்கணக்கில் வெயிலில் காத்திருந்து, உறக்கத்தையும் தோல்வியையும் வெட்டி எறிந்து, எஞ்சிய சில நிமிடங்களை நமக்குக் கொண்டுவந்து தருகின்றனர். அவர்கள் உழைப்பைக் குறை கூறவில்லை. ஆனால் ஒரு மனிதரின் வாழ்வில் அவர் கோபப்பட்ட கணங்களை மட்டும் ஒட்டிக் காட்டினால் அவரைப் பற்றி நாம் என்ன முடிவுக்கு வருவோம்? சில வேளைகளில் வெட்டுவதோடு நில்லாமல் புனைந்ததும் உண்டு. வால்ட் டிஸ்னி நிறுவனம் 1958இல் வெளியிட்ட 'ஒயிட் வில்டர்னெஸ்' என்னும் படத்தில் லெம்மிங் என்ற சிற்றெலிகள் கூட்டமாகக் குன்றிலிருந்து விழுந்து தற்கொலை செய்வதாகக் காட்டினர். ஆஸ்கர் பரிசும் கிடைத்தது. உண்மையில் அவற்றை வேற்றிடத்திலிருந்து கொண்டுவந்து விளிம்பிலிருந்து தள்ளியிருந்தனர் என்பதைக் கனடா நாட்டுத் தொலைக்காட்சி 1982இல் வெளிப்படுத்தியது. ஒரு தலைமுறை முழுவதும் இல்லாத தற்கொலையை இயற்கை நியதி என்று நம்பியிருந்தது.

கழுதைப்புலியைக் கேளுங்கள். திரையில் அது எப்போதும் திருடன்; பின்னணி இசையே அதைக் காட்டிக்கொடுத்துவிடும். சிங்கம் அரசன். 1960களில் ஹான்ஸ் க்ரூக் என்ற ஆய்வாளர் கொரொங்கொரோ பள்ளத்தாக்கில் இரவெல்லாம் விழித்திருந்து பார்த்தார். அங்கே கழுதைப்புலிகளே பெரும்பாலும் வேட்டையாடின. சிங்கம் பின்னால் வந்து அவற்றை விரட்டிவிட்டுத் தின்றது. பகலில் மட்டும் வந்து பார்த்தவர்கள் இரைமேல் அமர்ந்த அரசனையும் சுற்றி நிற்கும் திருடர்களையும் கண்டனர். இந்தக் காட்சிப் பிழை காட்டோடு நின்றுவிடும் ஒன்றா? யார் உழைத்தது, யார் அமர்ந்து தின்பது என்பதைப் பகலில் மட்டும் பார்த்து முடிவு செய்யும் பழக்கம் நம் வீதிகளிலும் உண்டு.

அந்த மாபெரும் மந்தை எவ்வாறு வந்தது என்பது இன்னும் வியப்பானது. 1961இல் சேரெங்கெட்டியில் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் வில்டபீஸ்டுகள் இருந்தன. 1977இல் பதின்மூன்று இலட்சத்தைத் தாண்டிவிட்டன. வலியவை எளியவற்றைக் கொன்றதால் இப்பெருக்கம் நிகழவில்லை. நம் நாட்டுப்புறத்தார் வெக்கை நோய் என்று அஞ்சிய கால்நடைக் கொள்ளைநோய் 1890களில் ஆப்பிரிக்காவில் பரவி, மாடுகளையும் இந்த மானினத்தையும் கொன்று குவித்தது. பின்னாளில் சுற்றுவட்டார ஊர்களின் மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டனர். மாடுகள் பிழைத்தன, காட்டுக்குள் நோய் செல்லும் வழி அடைபட்டது, ஊசியே காணாத கன்றுகளும் பிழைத்தன. 2011இல் அந்நோய் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. நாம் மூச்சை அடக்கிப் பார்க்கும் அந்த ஆற்றுக் கடப்பின் பின்னால் ஒரு மாட்டு மருத்துவரின் ஊசி இருக்கிறது. அதை எந்தப் படத்தில் கண்டோம்?

சாவையும் அவர்கள் சரியாகக் காட்டுவதில்லை. அம்மந்தையில் இறப்பவற்றுள் பெரும்பகுதி சிங்கத்தின் வாயில் இறப்பதில்லை. வறட்சிக் காலத்தில் புல்லின்றி மெலிந்து சாய்கின்றன. அது மெதுவாக நடப்பது; அதற்கு இசையமைக்க இயலாது. ஆற்றில் மூழ்கி மடிபவை ஆண்டுக்குச் சராசரியாக ஆறாயிரத்துக்கும் மேல் என்று 2017இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஆயிரம் டன்னுக்கு மேற்பட்ட அவ்வுடல்களில் முதலை தின்பது மிகச் சிறு பங்கே. கழுகும் மீனும் புழுவும் உண்கின்றன. எலும்புகள் ஆண்டுக்கணக்கில் கரைந்து ஆற்றுக்கே உரமாகின்றன. மரணம் அங்கே இருக்கிறது, கொடுமையாகவே இருக்கிறது. ஆனால் அது வல்லவனின் வெற்றி விழா அன்று.

இனி, 'வலுத்தது வாழும்' என்ற அந்தச் சூத்திரம். இது எந்தக் காட்டிலும் முளைத்ததன்று. 1864இல் ஹெர்பர்ட் ஸ்பென்சர் என்னும் ஆங்கிலேய மெய்யியலார் எழுதிய சொற்றொடர். டார்வின் அதனை 1869இல் தம் நூலின் ஐந்தாம் பதிப்பில் ஏற்றுக்கொண்டார். மூலத்தில் உள்ள சொல்லுக்கு வலிமை என்பது பொருளன்று, சூழலுக்குப் பொருந்துதல் என்பதே பொருள். 'தக்கன பிழைக்கும்' என்று மொழிபெயர்த்தவர்கள் சரியாகவே பெயர்த்தனர். தெருவுக்கு வந்ததும் தக்கது வல்லதாயிற்று. கடன் கொடுத்தவர்க்கு எந்த மொழிபெயர்ப்பு வசதியோ அதுவே நிலைத்தது.

மறுபக்கத்தில் நிற்கும் பக்தியுள்ளோரிடமும் நமக்குச் சற்று வழக்குண்டு. பேரனின் கண்களைப் பொத்திய அந்த அம்மையார் பிறகு நம்மிடம், "ஆதாம் பாவஞ் செய்யலன்னா சிங்கம் புல்லுதானே சாமி தின்னிருக்கும்?" என்றார். தொடக்கநூலின் முதல் அதிகாரம் விலங்குகளுக்குப் பசும் பயிரை உணவாகத் தந்ததாகச் சொல்வது உண்மையே, கேள்வி எளிதானதன்று. ஆனால் குருமடத்தில் நாம் பயின்ற புனித தோமா அக்குவினாஸ், மனிதனின் பாவத்தால் விலங்குகளின் இயல்பு மாறிவிடவில்லை என்றும், இன்று இறைச்சி உண்பவை அன்று புல் உண்டிருக்கும் என்று கருதுவது பொருந்தாது என்றும் வாதிட்டார். டார்வினுக்கு அறுநூறு ஆண்டுகளுக்கு முன்! திருப்பாடல் 104இல் சிங்கக்குட்டிகள் இரைக்காகக் கடவுளை நோக்கியே கர்ச்சிக்கின்றன. யோபு நூலிலோ, பெண்சிங்கத்துக்கு வேட்டையாடித் தருவது நீயா என்று ஆண்டவர் யோபுவை மடக்குகிறார். அப்பசி அவருக்குத் தெரியாததன்று. எனவே சிங்கத்துக்காக நாம் வெட்கப்பட வேண்டியதில்லை. பசியாறிய சிங்கம் கொல்லவே கொல்லாது என்று சிறுவர்க்குச் சொல்லும் நல்லுபதேசமும் முழு உண்மையன்று. வாய்ப்புக் கிடைத்தால் தேவைக்கு மேலும் கொல்லும் விலங்குகள் உண்டு. நம் வாதத்துக்குச் சிங்கம் நல்லொழுக்கச் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டிய கட்டாயமே இல்லை. சிங்கம் பாவம் செய்வதில்லை. ஏனெனில் அது வேறு விதமாக நடக்கத் தீர்மானிக்க இயலாது. நம் அன்பருக்கு இயலும். வேறுபாடு அவ்வளவே, ஆனால் மனித மாண்பு முழுவதும் அந்த வேறுபாட்டுக்குள்தான் இருக்கிறது.

விவிலியமும் மனிதனைச் சிங்கத்தோடு ஒப்பிடுகிறது. எசேக்கியேலும் செப்பனியாவும் எருசலேமின் தலைவர்களை இரையைக் கிழிக்கும் சிங்கமென்றும் ஓநாயென்றும் அழைத்தனர். எங்கே? குற்றப்பத்திரிகையில்! எதிர்வாதியின் சாட்சியாக அன்று. எசேக்கியேலின் அதே அதிகாரம் வட்டி வாங்கியதையும் பெயர் சொல்லிக் குறித்திருக்கிறது. திருவெளிப்பாட்டின் ஐந்தாம் அதிகாரத்தையும் நம் அன்பர் ஒருமுறை படிக்கட்டும். யூதா குலத்துச் சிங்கம் வெற்றி பெற்றுவிட்டது என்று யோவானுக்குச் சொல்லப்படுகிறது. திரும்பிப் பார்க்கிறார், கொல்லப்பட்டது போன்ற ஓர் ஆட்டுக்குட்டி நிற்கிறது. நம் மறையின் சிங்கம் அது. திருப்பலிதோறும் நாம் அதன் பெயரைச் சொல்லித்தான் அப்பத்தைப் பிடுகிறோம்.

நாம் வாழும் தீவின் நினைவையாவது கேட்டிருக்கலாம். திருவரங்கத்து அம்மா மண்டபப் படித்துறையில் சித்திரை முழுநிலவன்று நம் அயலார் கொண்டாடும் விழா எது? ஆற்றில் இறங்கிய யானையின் காலை முதலை பற்றிய கதை. அக்கதையில் திருமால் வருவது வலியதன் பக்கமன்று, கூப்பிட்டதன் பக்கம். முதலைக்கும் சாபம் நீங்கி விடுதலை கிடைப்பதாகவே அவர்கள் சொல்கின்றனர். கோயிலுள் சேஷராயர் மண்டபத் தூண்களில் முன்னங்கால் தூக்கிய குதிரைகளும், பாயும் புலிமீது வேல் பாய்ச்சும் வீரரும் கல்லில் நிற்கின்றனர். அயலார் சமயத்தில் நாம் புகுந்து விளக்கம் கூற வரவில்லை. ஆனால் கொல்லும் பல்லையும் கூரிய நகத்தையும் ஆயிரமாண்டுகளாகப் பார்த்துவந்த இம்மண், அதிலிருந்து வட்டிக்கடைச் சூத்திரம் எதையும் வடித்துவைக்கவில்லை. அதைச் செய்ய நமக்குக் கம்பிவடத் தொலைக்காட்சி வேண்டியிருந்தது.

படச் சட்டத்துக்கு வெளியே நிறுத்தப்பட்ட மனிதரைப் பற்றியும் ஒரு சொல். சேரெங்கெட்டி ஆளில்லாத ஆதிப் பூமி போலத் தோன்றுகிறதே, ஏன்? அங்கே மாடு மேய்த்து வாழ்ந்த மாசாய் மக்கள் 1959இல் பூங்கா எல்லையிலிருந்து வெளியேற்றப்பட்டு, கொரொங்கொரோ பகுதிக்குள் அடக்கப்பட்டனர். அதே ஆண்டு ஜெர்மானியரான பெர்னார்ட் கிரிமெக் 'சேரெங்கெட்டி சாகக்கூடாது' என்ற புகழ்பெற்ற படத்தை வெளியிட்டார். படவேலையின்போது விமான விபத்தில் மகனை இழந்தவர் அவர். அந்தத் துயரை நாம் மதிக்கிறோம். ஆனாலும் விலங்குகளுக்காக உலகம் உருகிய அந்நாளில் மாசாய்களுக்காக உருகியவர் சிலரே. 2022இல் லோலியொண்டோவில் எல்லைக் கற்கள் நட வந்தபோது மீண்டும் மோதல். மீண்டும் குடும்பங்கள் ஓடின. வெளியேற்றப்பட்டவர் நின்ற இடத்தில் இப்போது ஒளிப்படக்கருவி நிற்கிறது. அதன் வழியே பார்த்துத்தான், இது ஆண்டவர் வைத்த சட்டம் என்கிறோம். ஒரு வீட்டிலிருந்து ஒரு குடும்பத்தை வெளியேற்றிவிட்டு, வீடு எப்போதும் காலியாகவே இருந்தது என்று சொல்வதற்கு நம் பங்கிலும் ஆயத்தங்கள் நடப்பதால் இதைக் குறிப்பிடுகிறோம்.

சிறுவர்க்கு என்ன காட்டலாம் என்று சில பெற்றோர் கேட்டனர். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே மேலூரில் 2015இல் திறக்கப்பட்ட வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்கு மறைக்கல்விப் பிள்ளைகளை அழைத்துச் சென்றோம். அரை மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிள்ளைகள் சலித்தனர். பிறகு ஒரு சிறுமி, இலையோடு இலையாக நின்ற கும்பிடுபூச்சியைக் கண்டாள். அது ஒரு புழுவைப் பிடித்து, இசையுமின்றி விளக்கவுரையுமின்றி, நெடுநேரம் தின்றது. யாரும் கைதட்டவில்லை. "புழு பாவம்" என்றான் ஒருவன். "பூச்சிக்கும் பசிக்கும்ல" என்றாள் அவள். இதற்கு மேல் நாம் எதையும் விளக்கவில்லை.

நம் மாநிலத்தில் 2003 முதல் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. அது காட்டில் எழுதப்பட்டதன்று. ஆனால் அதில் முத்திரை உண்டு. நம் அன்பருக்கு அதை நினைவூட்டுவதற்கு முன், கைம்பெண்ணின் ஆடையை அடகாக வாங்காதே என்னும் இணைச்சட்ட நூலின் இருபத்து நான்காம் அதிகாரத்தை நினைவூட்ட விரும்புகிறோம். நேரிலும் சென்று சொன்னோம். வாசலிலேயே நிறுத்தாமல் உள்ளே அழைத்து, காபி கொடுத்து, பொறுமையாகக் கேட்டார். "யோசிக்கிறேன் சாமி" என்றார். பத்திரம் இன்னும் பெட்டியில்தான் இருக்கிறது. அடுத்த மாத அன்பியக் கூட்டம் அவர் இல்லத்தில். அந்தப் பெண்மணி வருவதாகச் சொல்லியிருக்கிறார்.