நியூயார்க் வெற்றியும் பொன்னேரி இறால் குட்டையும்: அமெரிக்க அரசியலை நாம் எங்கிருந்து பார்க்க வேண்டும்?

நவம்பர் 5 காலை நம்மில் பலருடைய கைபேசியில் முதலில் வந்து விழுந்த செய்தி ஒன்றுதான். நியூயார்க் மாநகரத்தின் மேயராக ஸொஹ்ரான் மம்தானி தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்த நகரத்தின் முதல் முஸ்லிம் மேயர். வர்ஜீனியா மாநிலத்தின் துணை ஆளுநராக, ஹைதராபாத்தில் பிறந்த கஸாலா ஹாஷ்மி வென்றார். குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் வாழ்த்துகள் நிரம்பின. மகிழ்ச்சிக்குரிய செய்திதான், மறுப்பதற்கில்லை.

ஆனால் அதே நாள், நம் நேரப்படி இரவில், வாஷிங்டனில் இன்னொரு நிகழ்வு தொடங்கியது. அதிபர் டிரம்ப் உலக நாடுகள் மீது விதித்த வரிகள் சட்டப்படி செல்லுமா என்ற வழக்கை அமெரிக்க உச்ச நீதிமன்றம் விசாரித்தது. அதை நம் குழுக்களில் யாரும் பகிரவில்லை. பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, பழவேற்காடு பகுதியில் வாழும் ஒரு குடும்பத்தின் அடுத்த ஆண்டு வருமானத்தை இந்த இரண்டில் எது அதிகம் பாதிக்கும் என்று கேட்டால், விடை இரண்டாவதுதான்.

அமெரிக்க அரசியல் என்றதும் நம் வீடுகளில் பேச்சு பாலஸ்தீனம், இஸ்லாமிய வெறுப்பு, விசா தடை என்று போகும். அவை முக்கியமானவை. அவற்றோடு, நம் ஊர் உப்பங்கழி ஓரத்துக் குட்டை வரைக்கும் வந்து நிற்கும் ஒரு கொள்கையையும் புரிந்துகொள்வது அவசியம்.

50 சதவீதம் எப்படி வந்தது?

2025 ஏப்ரல் 2 அன்று டிரம்ப் 'பதிலடி வரி' என்ற பெயரில் பல நாடுகளுக்கு வரி அறிவித்தார். இந்தியாவுக்கு 26 சதவீதம். ஒரு வாரத்திலேயே அது 90 நாட்களுக்கு நிறுத்தி வைக்கப்பட்டு, சீனா தவிர பெரும்பாலான நாடுகளுக்கு 10 சதவீதம் மட்டும் தொடர்ந்தது. பேச்சுவார்த்தை முடிவுக்கு வராததால் ஆகஸ்ட் 7 முதல் இந்தியப் பொருட்களுக்கு 25 சதவீதம் நடைமுறைக்கு வந்தது. ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்குவதற்குத் தண்டனையாக மேலும் 25 சதவீதம் ஆகஸ்ட் 27 முதல் சேர்ந்தது. ஆக மொத்தம் 50. ரஷ்ய எண்ணெயை நம்மைவிட அதிகம் வாங்கும் சீனாவுக்கு அந்தத் தண்டனை விதிக்கப்படவில்லை என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

மருந்துகளும் கைபேசிகளும் இந்த வரியிலிருந்து விலக்கப்பட்டன. அடி விழுந்தது ஆடை, தோல் பொருள், நகை, இறால் போன்ற துறைகளில். எல்லாமே நிறைய கைகள் வேலை செய்யும் துறைகள். திருப்பூரும், ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையும் இதில் அடங்கும். தோல் துறையில் நம் சமுதாயத்தின் பங்கு என்னவென்று இந்த வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்தியாவின் மொத்த ஏற்றுமதியில் 20 சதவீதம் அமெரிக்காவுக்குப் போகிறது என்றால், தமிழ்நாட்டின் ஏற்றுமதியில் 31 சதவீதம் அங்கே போகிறது என்று முதலமைச்சராக ஸ்டாலின் 2025 ஆகஸ்டில் பிரதமருக்கு எழுதிய கடிதத்தில் சுட்டிக்காட்டினார். இந்தச் சுமை மற்ற மாநிலங்களைவிட நமக்குக் கூடுதல்.

குட்டையில் இறங்கும் வரி

2024-25 ஆம் ஆண்டில் இந்தியா சுமார் 745 கோடி டாலருக்குக் கடல் உணவு ஏற்றுமதி செய்தது. அதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் உறைய வைத்த இறால். மொத்தத்தில் சுமார் 271 கோடி டாலர் சரக்கை வாங்கியது அமெரிக்கா. அதாவது ஒரே வாடிக்கையாளரை நம்பி நடக்கும் கடை இது.

இந்திய இறால் மீது ஏற்கெனவே இருந்த பொருள்குவிப்பு எதிர்ப்பு வரி, ஈடுசெய் வரி ஆகியவற்றையும் சேர்த்தபோது 2025 இல் மொத்தம் ஏறத்தாழ 58 சதவீதம் ஆனது. நமக்குப் போட்டியாளரான ஈக்வடாருக்கு டிரம்ப் விதித்தது 15 சதவீதம். அமெரிக்காவுக்கு அருகில் இருக்கும் நாடு. கப்பல் செலவும் குறைவு. வித்தியாசம் அங்கேயே தெரிந்துவிடும்.

"வரியைக் கட்டுவது அமெரிக்க இறக்குமதியாளர்தானே, நமக்கென்ன?" என்று சிலர் கேட்கிறார்கள். சுங்கத்தில் பணம் கட்டுவது அவர்தான். ஆனால் அவர் அந்தச் சுமையை முழுதாகச் சுமப்பதில்லை. ஏற்றுமதி நிறுவனத்திடம் விலையைக் குறைக்கச் சொல்வார். நிறுவனம் வியாபாரியிடம் குறைக்கும். வியாபாரி குட்டைக் கரையில் வந்து நின்று கவுண்டுக்கு இத்தனை ரூபாய் குறைவு என்பார். அதற்குக் கீழே தள்ளிவிட யாரும் இல்லை. பண்ணைக்காரர் குஞ்சுக்கும் தீவனத்துக்கும் ஏரேட்டர் மின்கட்டணத்துக்கும் பணம் போட்டு முடித்திருப்பார். நெல்லைப் போல மூட்டை கட்டி வைத்து விலை ஏறும்வரை காத்திருக்க இறாலில் முடியாது. நாள் கூடினால் தீவனச் செலவு கூடும். நோய் வந்தால் மொத்தமும் போகும்.

பொன்னேரி பகுதிக்கு இன்னொரு நிலைமையும் உண்டு. இறால் உற்பத்தியில் முதலிடம் ஆந்திராவுக்கு. எல்லை தாண்டினால் திருப்பதி மாவட்டம், அதற்கு அப்பால் நெல்லூர். அங்கே விலை விழுந்தால் இங்கே தனியாக நிற்காது. உரிக்கும், தரம் பிரிக்கும் ஆலைகளில் தினக்கூலி வாங்கும் பெண்கள் இந்தக் கணக்கின் கடைசி வரியில் இருக்கிறார்கள். ஆர்டர் குறைந்தால் முதலில் குறைவது அவர்களுடைய வேலை நாட்கள்.

நீதிமன்றம் காப்பாற்றுமா?

அமெரிக்க அரசியல் சாசனப்படி வரி விதிக்கும் அதிகாரம் நாடாளுமன்றமான காங்கிரஸுக்கு. டிரம்ப் பயன்படுத்தியது 1977 ஆம் ஆண்டின் சர்வதேச அவசரகாலப் பொருளாதார அதிகாரச் சட்டம். அதில் இறக்குமதியை 'ஒழுங்குபடுத்தும்' அதிகாரம் அதிபருக்கு உண்டு. 'வரி' என்ற சொல் அந்தச் சட்டத்தில் இல்லை. சர்வதேச வர்த்தக நீதிமன்றம் மே 28 அன்றும், மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆகஸ்ட் 29 அன்றும் அதிபருக்கு எதிராகவே தீர்ப்பளித்தன. நவம்பர் 5 விசாரணையில், பழமைவாதிகளாகக் கருதப்படும் நீதிபதிகளில் சிலரும் அரசுத் தரப்பைக் கடுமையாகக் கேள்வி கேட்டார்கள்.

வழக்குத் தொடுத்தவர்களைக் கவனியுங்கள். அவர்களில் பெரிய நிறுவனங்கள் முன்னணியில் இல்லை. ஒரு மது இறக்குமதி வணிகர், ஒரு கல்வி விளையாட்டுப் பொருள் நிறுவனம், இன்னும் சில சிறு வணிகங்கள், அவர்களோடு 12 மாநிலங்கள். தங்கள் நாட்டு அதிபரையே நீதிமன்றத்துக்கு இழுத்தார்கள்.

ஆனாலும் தீர்ப்பை மட்டும் எண்ணிக் கணக்குப் போடுவது சரியல்ல. மூன்று காரணங்கள்.

முதலாவது, உருக்கு, அலுமினியம், வாகன உதிரிபாகம் ஆகியவற்றின் மீதான வரிகள் வேறொரு சட்டத்தின் கீழ், 1962 ஆம் ஆண்டின் வர்த்தக விரிவாக்கச் சட்டத்தின் 232 ஆம் பிரிவின் கீழ் வந்தவை. இந்த வழக்கு அவற்றைத் தொடாது. உருக்குக்கு 2025 ஜூன் முதல் 50 சதவீதம் விதிக்கப்பட்டது. வாகன உதிரிபாகங்களுக்கு 2025 இல் 25 சதவீதம் விதிக்கப்பட்டது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பையும் உதிரிபாகத்தையும் நம்பி இருப்பவர்களும், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து அங்கே உழைப்பவர்களும் இதை மனதில் வைக்க வேண்டும்.

இரண்டாவது, தோற்றாலும் அதிபரிடம் வேறு சட்டப் பிரிவுகள் உண்டு. 1974 ஆம் ஆண்டின் வர்த்தகச் சட்டப்படி 15 சதவீதம் வரை 150 நாட்களுக்கு வரி போடலாம்.

மூன்றாவது, கட்டிய வரியைத் திருப்பித் தரச் சொன்னாலும் அந்தப் பணம் அமெரிக்க இறக்குமதியாளர் கணக்குக்குப் போகும். பொன்னேரியில் குறைந்த விலைக்கு இறாலை விற்றவருக்கு அது திரும்பி வராது.

மளிகைக் கடை அரசியல்

அப்படியானால் அமெரிக்கக் கொள்கையை மாற்றுவது எது? மம்தானியின் வெற்றிக்கே திரும்புவோம். அவர் முஸ்லிம் என்பதற்காக மட்டும் நியூயார்க் மக்கள் வாக்களிக்கவில்லை. வீட்டு வாடகையை உயர்த்தாமல் நிறுத்துவேன், பேருந்தை இலவசமாக்குவேன், குழந்தைப் பராமரிப்புச் செலவை அரசு ஏற்கும் என்று விலைவாசியைப் பேசினார். அதே நாளில் நியூஜெர்சி, வர்ஜீனியா ஆளுநர் தேர்தல்களிலும் ஜனநாயகக் கட்சி வென்றது. அங்கும் விலைவாசியே முக்கியப் பேச்சு.

பத்து நாட்கள் கழித்து, நவம்பர் 14 அன்று, மாட்டிறைச்சி, காப்பி, வாழைப்பழம், தேயிலை, மசாலாப் பொருட்கள் உள்ளிட்ட பல உணவுப் பொருட்களைப் பதிலடி வரியிலிருந்து டிரம்ப் விலக்கினார். அயல்நாட்டுக் கண்டனங்களுக்கு அசையாத அரசு, சொந்த நாட்டு இல்லத்தரசியின் மளிகை ரசீதுக்கு அசைந்தது. அந்தப் பட்டியலில் இறால் இல்லை. காரணம், லூசியானா, டெக்சாஸ் கரைகளில் இறால் பிடிக்கும் மீனவர்கள் இறக்குமதியால் தங்கள் வாழ்வு போய்விட்டது என்று பல ஆண்டுகளாகக் குரல் கொடுத்து வருகிறார்கள். அவர்களும் உழைக்கும் மக்கள்தான். அவர்களுடைய குறையில் உண்மையும் உண்டு. எதிரியைத் தேடுவதைவிட, யாருக்கு அங்கே வாக்கு இருக்கிறது என்று புரிந்துகொள்வதே பயன் தரும்.

இது நம் கரைக்குப் புதிதல்ல

1613 இல் டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் ஜெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். இந்தக் கரையின் துணி தென்கிழக்காசியத் தீவுகளுக்குக் கப்பலேறியது. மலாய் மக்கள் இன்றும் கைலியை 'பெலிக்காட்' என்று சொல்வது பழவேற்காட்டின் பெயரால்தான். கடல் கடந்த ஓர் அலுவலகத்தில் முடிவு மாறியபோதெல்லாம் இங்கே தறியும் தோணியும் ஆட்டம் கண்டன.

இறாலுக்கும் ஒரு பழைய வழக்கு உண்டு. காந்தியவாதி எஸ். ஜகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் நம் உச்ச நீதிமன்றம், சிலிகா, பழவேற்காடு ஏரிகளைச் சுற்றி ஆயிரம் மீட்டருக்குள் இறால் பண்ணைகள் கூடாது என்று தீர்ப்பளித்தது. ஏரியை நம்பிய மீனவருக்கும் குடிநீருக்கும் பண்ணைக் கழிவு செய்த கேட்டை அந்த வழக்கு பேசியது. இறால் தந்த டாலர் எல்லோருக்கும் நன்மையாக வரவில்லை என்பதையும் நாம் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு நாட்டின் தட்டுக்காக ஓர் ஏரியையே பணயம் வைத்ததன் விலையும் இந்த நெருக்கடிக்குள் இருக்கிறது.

என்ன செய்யலாம்?

மத்திய அரசு நவம்பர் 12 அன்று 25,060 கோடி ரூபாயில் ஏற்றுமதி ஊக்குவிப்புத் திட்டத்தையும், 20,000 கோடி வரையிலான கடனுக்கு உத்தரவாதத் திட்டத்தையும் அறிவித்தது. ரிசர்வ் வங்கி, பாதிக்கப்பட்ட துறைகளின் ஏற்றுமதியாளர்களுக்கு டிசம்பர் 31 வரையிலான தவணைகளைத் தள்ளிவைக்க வழி செய்தது. நல்ல நடவடிக்கைகள். ஆனால் இந்த உதவி ஏற்றுமதி நிறுவனத்தின் வாசலோடு நின்றுவிடுகிறது. குட்டைக்காரர் ஏற்றுமதியாளர் அல்ல. அவருடைய கடன் பெரும்பாலும் தீவனக் கடையிலும் வியாபாரியிடமும் இருக்கிறது. அந்தக் கடனுக்கு ரிசர்வ் வங்கி தவணை தள்ளி வைக்காது. விளைவிப்பவருக்கும் உரிப்பவருக்கும் நிவாரணம் சேர வேண்டும் என்பதே நம் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் வைக்க வேண்டிய முதல் கோரிக்கை. இதில் நெல்லூர் விவசாயியும் பழவேற்காட்டு மீனவரும் நம் வணிகரும் ஒரே தோணியில் இருக்கிறார்கள். தனியாகக் கேட்பதைவிடச் சேர்ந்து கேட்பது நல்லது.

இரண்டாவது, மாற்றுச் சந்தை. பிரிட்டனுடன் 2025 ஜூலையில் கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி இறாலுக்கு அங்கே வரி இருக்காது. ஐரோப்பாவும் கூடுதல் இந்திய ஆலைகளுக்கு அனுமதி தந்திருக்கிறது. ஆனால் ஐரோப்பா நுண்ணுயிர்க்கொல்லி மருந்தின் மிச்சம் இருக்கிறதா என்று கடுமையாகச் சோதிக்கும். கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தில் பதிவும், மருந்து கலக்காத வளர்ப்பும் இல்லாதவருக்கு அந்தக் கதவு திறக்காது. பொன்னேரியிலேயே மீன்வளக் கல்லூரி இருக்கிறது. அதன் வாசலை மிதித்து ஆலோசனை கேட்கத் தயங்க வேண்டாம்.

மூன்றாவது, நம் ஜமாஅத்துகள் செய்யக்கூடியது. விலை விழுந்த குடும்பம் அடுத்துப் போவது நகைக் கடைக்கோ கந்துவட்டிக்கோதான். அந்த நேரத்தில் பைத்துல்மாலிலிருந்து ஒரு சிறிய வட்டியில்லாக் கடன் கிடைத்தால் அந்தக் குடும்பம் பிழைத்துக்கொள்ளும். ஆலை வேலை இழந்த பெண்கள் கையேந்தி வரும்வரை காத்திராமல், மஹல்லாவில் யார் யார் என்று இப்போதே கணக்கெடுத்து வைப்பது நலம். அவர்களில் பிற சமயச் சகோதரிகளும் இருப்பார்கள். அவர்களுக்கும் நாம் அண்டை வீட்டார்தான்.

கடைசியாக, பிள்ளைகளை அமெரிக்கா அனுப்பக் கனவு காணும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. 2025 செப்டம்பர் 21 முதல் வெளிநாட்டிலிருந்து புதிதாக எச்-1பி விசாவுக்கு எடுக்கப்படுபவருக்காக நிறுவனம் ஒரு லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்று விதிக்கப்பட்டது. நம் பணத்தில் 88 லட்சத்துக்குக் குறையாது. அங்கே வேலை கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையில் மட்டும் வீட்டை அடமானம் வைத்துப் படிக்க அனுப்புவதற்கு முன் இரண்டு முறை யோசியுங்கள்.

மம்தானியின் வெற்றியைக் கொண்டாடுவோம். அதோடு, அவரை வெல்ல வைத்த அந்த மளிகை ரசீதையும் படிக்கக் கற்றுக்கொள்வோம். காட்டுப்பள்ளித் துறைமுகத்தின் விளக்குகள் பழவேற்காட்டுக் கரையிலிருந்தே தெரிகின்றன. அங்கிருந்து கிளம்பும் பெட்டிகளுக்குள் என்ன இருக்கிறது, அதற்கு யார் விலை வைக்கிறார்கள் என்று தெரிந்துவைத்திருக்கும் சமுதாயம், அடுத்த அடி விழும்போது திகைத்து நிற்காது, இன்ஷா அல்லாஹ்.