‘காண்டா இருக்கு’ன்னு சொன்னா எந்த ஆப்புக்குப் புரியும்? நெல்லைப் பிள்ளைகளின் கோபமும் கையிலிருக்கும் போனும்!

உங்க வீட்டுல ஏழாவதோ எட்டாவதோ படிக்கிற தம்பி, தங்கச்சி இருக்காங்களா? ஸ்கூல் விட்டு முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டு வர்ற அன்னைக்கு, “என்னலே ஆச்சு?”ன்னு கேட்டுப் பாருங்க. பெரும்பாலும் வர்ற பதில் ஒண்ணுதான். “ஒண்ணுமில்ல, காண்டா இருக்கு.”

அந்த ‘காண்டு’க்குள்ள என்னவெல்லாம் இருக்குன்னு யோசிச்சிருக்கீங்களா? ஃப்ரெண்டு பேசாம விட்ட வருத்தம் இருக்கலாம். எல்லார் முன்னாடியும் சார் திட்டின அவமானம் இருக்கலாம். பயம்கூட இருக்கலாம். எல்லாத்துக்கும் ஒரே வார்த்தை.

2025 ஏப்ரல் 15. ‘தென்னகத்தின் ஆக்ஸ்ஃபோர்டு’னு நாம பெருமையா சொல்ற பாளையங்கோட்டையில, ஒரு தனியார் பள்ளி வகுப்பறைக்குள்ளேயே எட்டாம் வகுப்பு மாணவன் சக மாணவனை அரிவாளால் வெட்டினான். தடுக்கப்போன ஆசிரியைக்கும் காயம். விசாரணையில் சொல்லப்பட்ட காரணம், முன்பு எப்போதோ நடந்த ஒரு பென்சில் தகராறு. அதுக்கு முந்தின மாசம்தான், ஸ்ரீவைகுண்டம் பக்கம் பரீட்சை எழுத பஸ்ஸில் போன பிளஸ் ஒன் மாணவனின் விரல்கள் வெட்டப்பட்டன. கபடிப் போட்டியில் தோற்ற ஆத்திரம்னு ஒரு பக்கம் சொல்லப்பட்டது. சாதிதான் காரணம்னு குடும்பம் சொன்னது.

ஒவ்வொரு முறையும் இப்படி ஒண்ணு நடந்ததும் ஸ்கூல் பேக் சோதனை, விழிப்புணர்வுக் கூட்டம், அப்புறம் ‘பிள்ளைகளுக்குக் கோபத்தைக் கையாளச் சொல்லிக் கொடுங்க’ங்கிற அட்வைஸ். கூடவே இப்போ புதுசா ஒண்ணு. அதான் போன் இருக்கே, ஆப்லயே சொல்லிக் கொடுத்தா என்ன?

கேள்வி நியாயமானதுதான். பதில் மட்டும் அவ்வளவு சுலபமில்லை.

பேர் வெச்சா பாதி அடங்கும்

இந்த மாதிரி ஆப்கள் செய்ற முதல் வேலை, உணர்ச்சிக்குப் பேர் வைக்கச் சொல்றது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராக்கெட்டும் பின்ட்ரெஸ்ட் இணை நிறுவனர் பென் சில்பர்மேனும் சேர்ந்து உருவாக்கின ‘ஹவ் வி ஃபீல்’ ஆப்பில், நாலு நிறங்கள்ல 144 உணர்ச்சிச் சொற்கள் இருக்கு. இப்போ எப்படி இருக்கேன்னு அதுல ஒண்ணைத் தொடணும், அவ்வளவுதான். இது விளையாட்டு இல்லை. உணர்ச்சியைச் சொல்லால் குறிக்கும்போது, மூளையில் பயத்துக்கும் பதற்றத்துக்கும் மணி அடிக்கிற ‘அமிக்டலா’ பகுதியின் துடிப்பு குறையுதுன்னு மாத்யூ லீபர்மேன் குழு 2007-லேயே ஸ்கேன் எடுத்துக் காட்டுச்சு.

நமக்கு இது புதுசும் இல்லை. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் உணர்ச்சிகளை எட்டாப் பிரிச்சு, ஒவ்வொண்ணும் எதனால வருதுன்னு நாலு நாலு காரணம் சொல்லுது. வெகுளிக்கு, அதாவது கோபத்துக்கு, சொல்ற நாலு காரணங்களைக் கேளுங்க. உறுப்பை வெட்டுறது, குடிக்குக் கேடு செய்றது, அடிச்சு அலைக்கழிக்கிறது, கொலை. ரெண்டாயிரம் வருஷம் ஆச்சோ என்னவோ, தாமிரபரணிக் கரையில் இன்னைக்கும் அந்தப் பட்டியல்ல ஒண்ணைக்கூட அடிக்க முடியலை. ரெண்டாவதா வர்ற ‘குடி’யைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்ப வர்றேன்.

விளையாட்டும் அண்ணனும்

சரி, ஆப் வேலை செய்யுமா? நம்ம நாட்டிலேயே ஒரு நல்ல முயற்சி நடந்திருக்கு. கோவாவைச் சேர்ந்த ‘சங்காத்’ அமைப்பு, பள்ளிப் பிள்ளைகளுக்காக ‘பாட் அட்வெஞ்சர்ஸ்’னு ஒரு மொபைல் கேம் செஞ்சது. கதையில ஒரு பையனுக்கு ஒரு சிக்கல். அது என்ன, என்னென்ன வழி இருக்கு, எதைச் செஞ்சு பார்க்கலாம்னு மூணு படியா யோசிக்கப் பழக்குற கேம். அப்புறம் தன்னோட சொந்தச் சிக்கலுக்கு அதே படிகளைப் போட்டுப் பார்க்கணும். இதுல கவனிக்க வேண்டியது, பிள்ளை கையில் போனைக் கொடுத்துட்டு ஆள் எழுந்து போயிடலை. பக்கத்துல ஓர் ஆலோசகர் இருந்தார்.

அந்த ‘பக்கத்துல ஆள்’ ஏன் முக்கியம்? அதே முறையை டெல்லி அரசுப் பள்ளிகள்ல 250 மாணவர்களிடம் சோதிச்சு 2020-ல் முடிவு வெளியிட்டாங்க. அங்கே கேம் இல்லை, அச்சடிச்ச கையேடு. ஒரு பிரிவுக்குக் கையேடு மட்டும், இன்னொரு பிரிவுக்குக் கையேட்டோட ஆலோசகரும். தங்களை அழுத்துதுன்னு பிள்ளைகளே சொன்ன பிரச்னைகள், ஆள் கூட இருந்த பிரிவுக்குத்தான் கூடுதலா லேசாச்சு. மனநல அறிகுறிகள்ல ரெண்டு பிரிவுக்கும் பெரிய வித்தியாசமில்லைங்கிறதையும் மறைக்காமச் சொல்லிட்டாங்க.

பிரிட்டன்ல இன்னும் பெரிய பாடம். 80-க்கும் மேற்பட்ட பள்ளிகள்ல, 8,000-க்கும் அதிகமான பிள்ளைகளிடம் மனதை ஒருமுகப்படுத்தும் பயிற்சியைச் சோதிச்சாங்க. 2022-ல் வந்த முடிவுப்படி, வழக்கமான வகுப்புகளைவிட அது மேல்னு நிரூபிக்க முடியலை. நிறைய பிள்ளைகள் வீட்டுல அதைச் செஞ்சு பார்க்கவே இல்லையாம். நம்ம போன்ல தூங்குற ‘ஃபிட்னெஸ்’ ஆப் மாதிரிதான்.

எல்லாம் சரியாச் செஞ்ச பையன்

இப்போ ‘குடி’க்கு வர்றேன். 2023 ஆகஸ்ட் 9 ராத்திரி நாங்குநேரியில நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சக மாணவர்களின் சாதியத் துன்புறுத்தல் தாங்காம, பள்ளிக்கே போகாம இருந்தான் ஒரு பட்டியலின மாணவன். ஆசிரியர்கள் கேட்டப்போ நடந்ததைச் சொன்னான். அதுக்குப் பிறகுதான் வீடு புகுந்து வெட்டினாங்க. தடுத்த தங்கச்சிக்கும் வெட்டு.

அந்தப் பையன் கோபத்துல யாரையும் அடிக்கலை. பெரியவங்ககிட்ட சொன்னான். எந்த ஆப் வந்தாலும் சொல்லித் தரப்போற ‘சரியான’ வழி அதுதான். சொன்னவனுக்குப் பாதுகாப்பு இல்லாத இடத்துல, ‘மனசுல இருக்கிறதை வெளியே சொல்லு’ன்னு ஒரு பொம்மை திரையில கண்சிமிட்டிச் சொல்றது எனக்குக் கொடுமையாத் தெரியுது. வெட்டினவங்க கோபமும் தனி ஆளோட கோபமா மட்டும் முளைக்கலை. கையில கயிறு, நெத்தியில பொட்டு, பைக்ல ஸ்டிக்கர், போன்ல பிஜிஎம் போட்ட சாதிப்பெருமை ரீல்ஸ். அந்த வீடியோவை ஒரு தடவை முழுசாப் பார்த்தா அடுத்து அதே மாதிரி பத்து வரும். உணர்ச்சியைக் கத்துக்கொடுக்கிற டிஜிட்டல் கருவி ஏற்கெனவே அவன் கையில இருக்கு. அது இருபத்து நாலு மணி நேரமும் பாடம் நடத்துது.

நாங்குநேரிக்குப் பிறகு அரசு அமைச்ச நீதிபதி கே.சந்துரு ஒருநபர் குழு, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டும் கயிறு, பொட்டு வேண்டாம், வாரம் ஒரு அறநெறி வகுப்பு வேணும், 500 பேருக்கு மேல் படிக்கிற பள்ளிக்கு நல அலுவலர் வேணும்னு சொன்ன அதே அறிக்கை, பள்ளி வளாகத்துக்குள்ள மாணவர்களுக்கு செல்போன் கூடாதுன்னும் சொல்லுது. அப்போ கோபத்தைக் கையாளுற ஆப்பை அந்தப் பிள்ளை எங்கே பார்ப்பான்? வீட்டுல, அம்மாவோட போன்ல, ரீல்ஸுக்கு நடுவுல. பள்ளியில ஹைடெக் லேப் இருக்கே, ஓர் ஆசிரியரோ ஆலோசகரோ பக்கத்துல இருந்து அங்கே நடத்தலாமேன்னு கேட்டா, நிச்சயமா நடத்தலாம். ஆனா முதல்ல அந்த ஆளை நியமிக்கணும். ஆப் வாங்கிறதைவிட அதுக்குத்தான் செலவு அதிகம். அதனாலதான் எனக்கு ஆப் அறிவிப்புகள் மேல கொஞ்சம் சந்தேகம்.

அதுவரைக்கும் அந்த ‘பக்கத்துல ஆள்’ நீங்கதான். தம்பி காண்டுல வரும்போது, அவன் யாருக்கு மெசேஜ் அனுப்பப்போறானோ அதை முதல்ல வாட்ஸ்அப்ல தனக்கே வாய்ஸ் நோட்டா அனுப்பச் சொல்லுங்க. சாப்பிட்ட பிறகு ரெண்டு பேரும் சேர்ந்து கேளுங்க. “இது காண்டா, அவமானமா, பயமா?”ன்னு கேளுங்க. பயம்னு சொன்னா, மூச்சுப் பயிற்சி சொல்லித் தராதீங்க. யாரால பயம்னு கேளுங்க, மறுநாள் கூடவே பள்ளிக்குப் போங்க. அங்கே யாரும் காது கொடுக்கலைன்னா, குழந்தைகளுக்கான உதவி எண் 1098. மனசு பாரமா இருந்தா 14416, எந்நேரமும் தமிழ்ல பேசலாம், கட்டணம் இல்லை. ரெண்டு நம்பரையும் அம்மா போன்ல இப்பவே சேவ் பண்ணி வெச்சிடுங்க, அதைத்தானே அவன் எடுப்பான்.